ஏணி மேல் கத்தி, ஏணிக்குக் கீழே ஆப்பிள்

மார்ச் 4, செவ்வாய்

கத்தி போய்விட்டது. வேலைக்குப் போன வீட்டில், மூன்றாம் மாடியில் திரைச்சீலைக் கம்பி மாட்டிக்கொண்டிருந்தேன். கை தவறி ஜன்னல் வழியே விழுந்து, நேராகச் சாக்கடைக்குள் போய்விட்டது. யார் தலையிலும் விழாமல் போனது நான் செய்த புண்ணியம்.

"கத்தி எதுக்கு? கத்தரிக்கோல் போதாதா?" என்கிறார் என் வீட்டுக்காரர். சுவரில் துளை போட்டு, திருகாணி பிடிக்க பிளாஸ்டிக் பிளக்கை அடித்தால் அதன் நுனி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அதைச் சுவரோடு சுவராகச் சீவ வேண்டும். சீவாவிட்டால் கம்பியைப் பிடிக்கிற தாங்கி ஒழுங்காக உட்காராது, ஆடி ஆடி ஒருநாள் மொத்தமும் கீழே வரும். கத்தரிக்கோலால் சீவிக் காட்டட்டும், ஆயுசு முழுக்க அவர் சட்டையை நானே தேய்த்துத் தருகிறேன்.

மார்ச் 5, புதன்

நான் கேட்கவே இல்லை. அவரே ஒரு கத்தி வாங்கி வந்துவிட்டார். கறுப்பு நிறம். பொத்தானை அமுக்கினால் சடக்கென்று அலகு வெளியே பாய்கிறது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சடக், சடக் என்று அதே வேலையாக இருக்கிறார். கல்யாணத்தன்றுகூட இந்த மனுஷன் முகத்தில் இவ்வளவு களை இல்லை.

மார்ச் 8, சனி

நாத்தனார் வந்தாள். போலீஸ்காரி. அண்ணன் பெருமையாக ஒரு சடக் காட்டினார். அவள் கையை நீட்டினாள், இவர் கொடுத்தார், அவள் தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள்.

"இத வச்சிருந்தாலே கேஸுண்ணா."

பிறகு என்னை உட்காரவைத்துப் பாடம் எடுத்தாள். கத்தி தானாகத் திறக்கக் கூடாது. திறந்தபின் பூட்டிக்கொள்ளக் கூடாது. ஒற்றைக் கையால் திறக்க முடிந்தாலும் வம்புதான். அலகு சுண்டுவிரலைத் தாண்டக் கூடாது.

"யார் சுண்டுவிரல்?" என்றேன்.

"உங்களுது இல்ல அண்ணி, சட்டத்தோடது. யாராவது கேட்டா வேலைக்குன்னு சொல்லுங்க. பாதுகாப்புக்குன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

"உன் அண்ணன்கிட்டேருந்து பாதுகாப்புன்னு சொன்னா?"

"அதுக்கு இடமிருக்கான்னு பாத்துச் சொல்றேன்."

அவர் அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை.

மார்ச் 10, திங்கள்

கடைக்குப் போனேன். நான் பெண்பிள்ளை என்பதால் கடைக்காரர் முதலில் ரோஜா நிறத்தில் ஒன்றை நீட்டினார். அது வெண்ணெயிடம் தோற்றுப்போகும். அடுத்தது இருபது வேலை செய்யுமாம், மீன் செதில்கூட எடுக்குமாம். நான் திரைச்சீலை மாட்டுகிற வீடுகளில் மீன் ஜன்னலில் தொங்குவதில்லை. கடைசியில் மரப்பிடி போட்ட ஒரு குட்டைக் கத்தி. பூட்டு இல்லை, பொத்தான் இல்லை. ஒரு கையால் பிடித்து மறு கை நகத்தால் நெம்பித்தான் திறக்க வேண்டும். சட்டத்துக்கு அடங்கின கத்தி. என்னைப்போல.

மார்ச் 12, புதன்

மானம் போச்சு.

டாக்டரம்மா வீடு. ஆபரேஷன் செய்கிற டாக்டர். கதவைத் திறந்துவிட்டது வேலைக்காரம்மா, டாக்டர் என்னை இன்னும் பார்க்கவில்லை. ஏணி உச்சியில் நிற்கிறேன். தூசிக்குத் தொப்பி, துளை போடும்போது கண்ணில் விழாமலிருக்கப் பெரிய கண்ணாடி. இடது கையால் ஜன்னல் சட்டத்தைப் பிடித்திருக்கிறேன், விட்டால் கீழே. நாத்தனார் சொன்ன சட்டமோ இரண்டு கையால் திற என்கிறது. மிச்சம் என்ன இருக்கிறது? பல். அலகைப் பல்லால் கவ்வி இழுத்தேன். திறந்துகொண்டது. அந்த நேரம் பார்த்து டீத்தட்டோடு டாக்டரம்மா உள்ளே வருகிறார்.

தட்டு கீழே. "ஐயோ! யாரு நீ? இறங்கு! இறங்கு!"

இது சட்டப்படி சரியான கத்தி அம்மா என்று சொல்லத்தான் நினைத்தேன். வாயில் கத்தி இருந்ததால் உர்ர் என்று உறுமல் மாதிரி வந்தது. அம்மா படுக்கையறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

தினமும் ஆளையே அறுக்கிறவங்க. என்னைப் பாத்துப் பயப்படுறாங்க!

புகாரைக் கேட்ட எங்கள் திரைச்சீலைக் கடை முதலாளி கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "இன்னொரு புகார் வந்துச்சுன்னா கடையிலயே உக்காந்து துணி அளங்க," என்றார். வேலைக்கு இனி கத்தியே கொண்டுபோகக் கூடாதாம். பாக்கி வேலையை என்னோடு கம்பி மாட்டுகிற நெட்டையனிடம் கொடுத்துவிட்டார். அவன் கத்தியே வைத்துக்கொள்ளாத உத்தமன். "எதுக்குச் சீவணும், திருகி உட்டாப் போச்சு," என்பான்.

மார்ச் 13, வியாழன்

இன்னொரு புகார்னா கடையில உக்காரணுமாம். வெறும் சுவரையும் அளவு நாடாவையும் பாத்துக்கிட்டு. என்னால முடியாது. ஒவ்வொரு நாளும் ஒரு புது வீடு, யார் வீட்டு ஜன்னலிலிருந்தோ யார் தெருவையோ பார்ப்பது, இதற்காகத்தானே ஏணியைத் தூக்குகிறேன். இன்று அழுதேன். வெங்காயம் என்று அவரிடம் சொன்னேன். நம்பிவிட்டார். சமையல் ரசம் சாதம்தான்.

மார்ச் 17, திங்கள்

கத்தி இல்லாமல் போனேன். பிளக் சீவ வழியில்லை. "ஒரு கத்தி கிடைக்குமாம்மா?" என்று வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன். சமையலறையிலிருந்து என் முழங்கை நீளத்துக்கு ஒன்றை எடுத்து வந்து சிரித்துக்கொண்டே கொடுத்தார். அதைப் பிடித்துக்கொண்டு ஏணியில் நிற்கிறேன். அவர் கீழே ஏணியைப் பிடித்தபடி மருமகளைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார். பயமே இல்லை. இறங்கினதும் அதே கத்தியால் ஆப்பிள் வெட்டிக் கொடுத்தார்.

ஆக, பயம் கத்தியின் நீளத்தில் இல்லை. அது இதற்கு முன் எதை வெட்டியது என்பதில்தான் இருக்கிறது.

வரும் வழியில் ஆப்பிள் வாங்கினேன்.

மார்ச் 19, புதன்

ஒத்திகை. என் வீட்டுக்காரர்தான் வாடிக்கையாளர். ஏணியின் கீழ்ப்படியில் உட்கார். கத்தியை நிதானமாக இரண்டு கையாலும் திற. ஆப்பிளை வெட்டு. முதல் துண்டு வாடிக்கையாளருக்கு. பிறகு திறந்த கத்தியை ஏணியின் உச்சித் தட்டில் வைத்துவிட்டு ஏறு. பல்லுக்கு வேலை மெல்லுவது மட்டும்.

"இன்னொரு தடவை செஞ்சு பாக்கலாமா?" என்று நாலு துண்டு தின்றுவிட்டார்.

மார்ச் 20, வியாழன்

டாக்டரம்மா வீட்டில் நெட்டையன் மாட்டிய கம்பி சோபா மேல் விழுந்துவிட்டதாம். யாருக்கும் அடியில்லை. சீவாத பிளக், வேறென்ன? நெட்டையன் லீவு. முதலாளி என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"கத்தி இல்லாம முடியாதா?"

"அது கீழ விழுந்ததே அதனாலதான் சார்."

"புகார் மட்டும் வரக் கூடாது. வந்துச்சு, நாளையிலேருந்து கடைதான்."

துளை ஏற்கெனவே இருந்ததால் தொப்பியும் இல்லை, கண்ணாடியும் இல்லை. கதவைத் திறந்த டாக்டரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். கீழ்ப்படியில் உட்கார்ந்து ஆப்பிளை எடுத்தேன். கத்தியைத் திறந்தேன். ஒரு துண்டை நீட்டினேன்.

வாங்கிக்கொண்டார். மென்றுகொண்டே மறு கையால் கத்தியை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா கூரா இருக்கே. எங்க வாங்குனீங்க? நல்ல வேளை, இன்னைக்கு உங்கள அனுப்புனாங்க. போன வாரம் ஒருத்தி வந்தா பாருங்க, ரவுடி! வாயில கத்தி!"

"அப்படியாம்மா! ஆளு எப்படி இருந்தா?"

"மூஞ்சிய யாரு பாத்தா? கத்தியத்தான் பாத்தேன். இவ்ளோ நீளம்!"

என் குட்டைக் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே, மறு கையால் தன் முழங்கையைத் தொட்டு நீளம் காட்டினார்.

"காலம் கெட்டுப்போச்சும்மா," என்று சொல்லிவிட்டு ஏணியில் ஏறினேன்.

மார்ச் 21, வெள்ளி

ஆப்பிள் தீர்ந்துவிட்டது. நாளைக்கு மூன்று வீடு. கொய்யா கிடைத்தாலும் பரவாயில்லை.