குமராட்சியில் கதவு தட்டியவர்

என் உயிரான மாமாவுக்கு,

மஞ்சக்குப்பத்தில் நாங்கள் சுகம். போலீஸ்காரர் மனைவி என்று எனக்குக் கொடுத்த ஆபீஸ் வேலை பழகிவிட்டது. மகள் சிதம்பரத்தில் கல்லூரிக்குப் போகிறாள். நடை அப்படியே உங்களுடையது.

இந்த வருஷமும் கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறியது மாமா. குமராட்சிப் பக்கம், ஜனங்களை மீட்கப் போன உங்களை ஆறு கொண்டுபோன அதே ஊருக்குள் புகுந்தது. ஆனால் இந்த முறை ஓர் உயிர்கூடப் போகவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அஞ்சலை வந்தாள். அந்தப் பழைய வெள்ளத்தில் ஆடுகளை விட்டு வரமாட்டேன் என்று வீட்டுக்குள்ளேயே இருந்தவள். அவளைத் தூக்கிப் படகில் ஏற்றிவிட்டுத்தானே நீங்கள் போனீர்கள்? இத்தனை காலம் அவள் முகத்தில் நான் விழித்ததில்லை.

வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"இந்த வெள்ளத்துக்கு முன்னாடி, பட்டப்பகல்ல ஒரு போலீஸ்காரரு வந்தாரும்மா. வீடு வீடா தட்டி, 'மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போங்க'ன்னாரு. நல்ல வெயிலு. அவரு காக்கிச் சட்டையில மட்டும் தண்ணி சொட்டுது."

ஸ்டேஷனில் கேட்டால், அப்போது யாரையும் அனுப்பவில்லை என்றார்களாம்.

"எங்க ஊட்டாண்ட வந்து பேசவே இல்ல. சும்மா நின்னாரு. ஆட்ட அவுத்துக்கினு நடந்தேன். பின்னாலயே பூட்ஸ் சத்தம். பள்ளிக்கூடத்து வாசல்லதான் திரும்பினேன். ஆளில்ல. ஈரக் கால்தடம் மட்டும் ஆத்துப் பக்கமா திரும்பிப் போயிருந்துச்சு."

"அவருதானா?" என்று கேட்டேன்.

"மொகத்தப் பாக்கத் தெம்பில்லம்மா. கையப் பாத்தேன். என்னத் தூக்கின கை எனக்குத் தெரியாதா?"

அவளை அறையத்தான் கை ஓங்கினேன். என்னமோ, அவள் தோளிலேயே சாய்ந்து அழுதுவிட்டேன். உள்ளே கூப்பிட்டுச் சோறு போட்டேன்.

பொறாமைதான் மாமா. அவள் வாசலுக்கு வந்தவருக்கு நம் வாசலுக்கு வழி தெரியலையா? உங்களை எரித்த அன்று வானத்தைப் பார்த்துச் சுட்டார்களே, டூட்டி முடிந்தது என்று. அந்தச் சத்தம் உங்களுக்குக் கேட்கவில்லையா?

நேற்று நானே அந்தக் கரைக்குப் போய் உங்களைக் கூப்பிட்டேன். பக்கத்தில் யாருமே இல்லை. ஈரத்துணி வாடை மட்டும் கொஞ்ச நேரம் என்னோடு நின்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இனிமேல் ஆற்றில் தண்ணீர் ஏறினால், கதவு தட்ட நான் போவேன். அஞ்சலையும் வருவாள், பேசிவிட்டோம். ஒரு வீட்டையும் விடமாட்டோம். நம் மகள்மேல் சத்தியம்.

நீங்கள் கரையேறுங்கள், மாமா.

உங்கள் அத்தை மகளும் மனைவியுமான
செல்வி