மூன்று நாள் வருகை

மார்ச் 3, செவ்வாய்

காமாலைதான். டாக்டர் கண்ணைப் பார்த்ததும் சொல்லிவிட்டார். ஒரு மாதம் படுத்தே இருக்க வேண்டுமாம். சலவைக்கூடத்தில் நாளெல்லாம் இஸ்திரி மெஷின் ஆவியில் நிற்கிறவளுக்குப் படுக்கச் சொன்னால் கசக்குமா? கசக்கிறது. சம்பளம்?

மார்ச் 4, புதன்

வேலையில் சேர்ந்தபோது கொடுத்த விதிமுறைத் தாளை இன்றுதான் படித்தேன், பன்னிரண்டு வருஷம் கழித்து. நோய் விடுப்பில் முதல் மூன்று நாளுக்குச் சம்பளம் கிடையாது. நாலாம் நாளிலிருந்து, டாக்டர் சான்றிதழ் இருந்தால், முக்கால் சம்பளம். அது வந்தால் வாடகை தப்பிக்கும். இவருக்கு வேலை போய் நாலு மாதமாகிறது.

மார்ச் 6, வெள்ளி

பக்கத்து மெஷின்காரி சுருட்டை வந்தாள். அந்தத் தலைமுடிக்கு வேறு பெயர் வைக்க முடியாது. காதோடு சொன்னாள்: "முதல் மூணு நாள் உனக்கு வீணாப் போகக் கூடாதுடி. உன் கார்டையும் நானே அடிச்சுட்டேன்."

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் நான் வேலைக்கு வந்ததாக வருகைக் கார்டு சொல்கிறது! எங்கள் பிரிவில் இது புதிதில்லை. அவள் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது அவள் கார்டை நான் அடித்திருக்கிறேன். இவளை விட்டால் எனக்கு யார்? சிரித்தேன். சிரித்தால் விலா வலிக்கிறது.

மார்ச் 10, செவ்வாய்

மாத்திரை. படுக்கை. இவர் சான்றிதழை ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தார்.

மார்ச் 19, வியாழன்

ஆபீஸ் கடிதம். மூன்றாம் தேதியிலிருந்து நான் படுத்திருப்பதாகச் சான்றிதழ் சொல்கிறது. ஐந்தாம் தேதி வரை வேலை செய்ததாகக் கார்டு சொல்கிறது. இரண்டில் ஒன்று பொய். விளக்கம் தரும்வரை நோய்க்காலச் சம்பளம் நிறுத்தம். பொய் என்னுடையது என்றால் வேலையும் போகும்.

எப்படி யோசிக்காமல் விட்டோம்? மூணு நாளைக் காப்பாத்தப் போயி மொத்தத்துக்கும் உலை வெச்சுட்டோமே — சான்றிதழ்ல தேதி இருக்கும்னு ரெண்டு பேருக்குமா தோணலை?

மார்ச் 21, சனி

சுருட்டையின் பெயரைச் சொல்லிவிடு என்கிறார் இவர். நீயா அடிக்கச் சொன்னாய் என்று கேட்கிறார். முடியவே முடியாது என்றேன். நானே போய்க் கார்டை அடித்துவிட்டு, முடியாமல் திரும்பிவிட்டதாகச் சொல்லப் போகிறேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மார்ச் 23, திங்கள்

போனேன். ஆபீஸ் அம்மா நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். ஒத்திகை பார்த்ததை அப்படியே ஒப்பித்தேன்.

"அப்ப நீங்கதான் ஏமாத்தியிருக்கீங்க. வேலை போயிடும்மா. வேற யாராவது அடிச்சிருந்தா இப்பவே சொல்லிடுங்க."

ஒரே ஒரு தடவைதான் கேட்டார். மிரட்டவில்லை, சத்தம் போடவில்லை. எழுந்து வந்திருக்கலாம்.

சொல்லிட்டேன். அவ பேரைச் சொல்லிட்டேன். அந்த அம்மா எழுதிக்கிட்டாங்க.

நான் அவளுக்குக் கார்டு அடித்ததைச் சொல்லவில்லை. அதை யாரும் கேட்கவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 31, செவ்வாய்

முக்கால் சம்பளம் வந்துவிட்டது. விதிமுறைத் தாளில் இருந்தபடியே, நாலாம் நாளிலிருந்து. வாடகை கொடுத்தாயிற்று. சுருட்டையை வியாழக்கிழமையே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம். இவர்தான் கேள்விப்பட்டு வந்து சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 8, புதன்

கதவைத் திறந்தால் சுருட்டை. கையில் பழப்பை. அவள் நேராகக் குளியலறைக்குப் போனாள். நான் ஊறவைத்துவிட்டு, துவைக்கத் தெம்பில்லாமல் விட்டிருந்த துணியைத் துவைக்க உட்கார்ந்துவிட்டாள். வேண்டாம் என்றால் கேட்கிறாளா?

எனக்காவது சம்பளம் வந்ததே, அது போதும் என்றாள். வேலை தேடுகிறாளாம். ஏன் நின்றாய் என்று போகிற இடத்திலெல்லாம் கேட்கிறார்களாம். பிழிந்துகொண்டே கேட்டாள்: "யாருடி போட்டுக் கொடுத்திருப்பாங்க? நம்ம சூப்பர்வைசரா இருக்குமோ?"

"அவராத்தான் இருக்கும்" என்றேன்.

துணியை உதறிக் காயப்போட்டாள். நாளைக்கும் வருகிறாளாம். வீட்டில் சும்மாதானே இருக்கிறாள்.