மேடைக்கு முதுகு காட்டியவளுக்கு

இன்று காலை மகளின் பள்ளி விளையாட்டு விழாவுக்குப் போயிருந்தேன். வேப்பம்பட்டு ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கிற சின்னப் பள்ளிக்கூடம். இந்த வருடம்தான் கபடிக்கு மேட் வாங்கியிருக்கிறார்களாம். வெயிலில் அதை விரித்துப் போட்டதும் புது ரப்பர் வாசம் எழுந்து வந்தது. மற்ற அம்மாக்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்கள். நான் அங்கேயே இருந்தேன். விழா முடிவில் தேசிய கீதம் போட்டார்கள். எல்லோரோடும் எழுந்து நின்றேன். உட்கார்ந்த பிறகும் கால் வலித்தது. நின்றதால் வந்த வலி இல்லை அது. வீட்டுக்கு வந்து சோறு வடித்துவிட்டு உனக்கு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நாம் ஆடிய காலத்தில் நமக்கு மேட் கிடையாது. கம்பெனி வாசலை ஒட்டிய காலி இடத்தில், ஷிப்ட் முடிந்து, சீருடையை மாற்றக்கூட நேரமில்லாமல் ஆடினோம். கும்மிடிப்பூண்டியில் கார் கதவுக்குத் தகடு அடிக்கும் கம்பெனி. நீயும் நானும் ஸ்டெல்லாவும் ஒரே நாளில் கான்டிராக்டில் சேர்ந்தவர்கள். பெண்கள் கபடி டீம் வேண்டும் என்று கம்பெனிக்குத் திடீரென்று தோன்றியபோது ஏழு பேரைத் தேடிப் பிடித்தவள் நீதான். அதனால் கேப்டனும் நீதான். ஸ்டெல்லா வலது கார்னர். அவள் கணுக்காலைப் பிடித்தால் பிடித்ததுதான். நானும் நீயும் இடது பக்கம், கை கோத்து நிற்கிற ஜோடி. ரெய்டுக்கு வருகிறவள் எந்தப் பக்கம் சாய்வாள் என்பதை நீ வாயால் சொல்ல மாட்டாய், என் விரலை அழுத்திச் சொல்வாய்.

அந்த வருடம் கம்பெனிகளுக்கு இடையே நடந்த போட்டியின் பைனலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஸ்டெல்லாவின் வலது கையில் இரண்டு விரல்கள் பிரஸ் மிஷினில் போயின. கை உள்ளே இருந்தால் மிஷினை நிறுத்த வேண்டிய சென்சார் வேலை செய்யவில்லை என்பது அந்த லைனில் எல்லோருக்கும் தெரியும். உற்பத்தி குறைகிறது என்று அதை அணைத்து வைத்து மாதக்கணக்கு ஆகியிருந்தது. தொழிலாளியின் கவனக்குறைவு என்று கம்பெனி எழுதியது. ஸ்டெல்லா கான்டிராக்ட் என்பதால் அவள் எங்கள் ஆளே இல்லை என்றும் சொன்னது. டீமுக்கு மட்டும் வேறு ஒருத்தியை வலது கார்னரில் போடச் சொல்லி ஆள் வந்தது.

நீ மேனேஜரைப் போய்ப் பார்த்தாய். கூட நானும் வந்தேன், கதவை ஒட்டி நின்றேன். பைனலுக்கு முன்னால் மைக்கில் அவள் பெயரை ஒரு முறை சொல்லுங்கள், அடிபட்டு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று மட்டும் சொல்லுங்கள் என்றுதான் கேட்டாய். அவர் கோபப்படவில்லை. "விளையாட்டு வேற, அது வேறம்மா. ரெண்டையும் கலக்காதீங்க" என்றார். வெளியே வந்ததும் நீ தண்ணீர் கேனைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டாய். "இல்லடி, ரெண்டும் ஒண்ணுதான். அதே கைதான் பிரஸ்லயும் இருந்துச்சு, அதே கைதான் இவுங்களுக்குக் கப்பும் வாங்கிக் குடுத்துச்சு" என்றாய்.

இரண்டு நாள் கழித்து கேன்டீனில் ஆறு பேரையும் உட்கார வைத்து யோசனையைச் சொன்னாய். தேசிய கீதம் பாடும்போது எல்லோரும் மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நிற்க வேண்டும். நீ ஸ்டெல்லாவின் ஜெர்சியைப் போட்டுக்கொள்வாய். அதன் முதுகில் அவள் பெயரும் நாலாம் நம்பரும் இருக்கும்.

"இன்னாத்துக்குடி அந்தப் பாட்டு அப்போ? வேற நேரத்துல பண்ணிக்கலாமே" என்று நான் கேட்டேன்.

"வேற நேரத்துல நாம தொண்ட கிழிய கத்தினாலும் எவனும் பாக்க மாட்டான். போன நோண்டிக்கினு இருப்பானுங்க. அந்தப் பாட்டு ஓடறப்போதான் அத்தினி பேரும் வாய மூடிக்கினு நேரா பாத்துக்கினு நிப்பாங்க. அப்போ அவ பேர படிக்கட்டும். நான் பாட்ட ஒண்ணும் சொல்லல. பாட்டு எனக்கும் சேத்துதான்."

ஆறு பேரும் சரி என்றோம். நானும் சரி என்றேன். என் கை உன் கைமேல் இருந்தது, அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பைனல் அன்று மைதானத்தின் ஒரு பக்கம் மேடை. கொடிக்கம்பம் எதிர்ப்பக்கம், நமக்குப் பின்னால், நுழைவாசலை ஒட்டி. நம்மை மேடையைப் பார்த்து வரிசையாக நிற்க வைத்தார்கள். நீ என் இடது பக்கம். ஸ்பீக்கரில் இசை ஆரம்பித்தது. நீ திரும்பினாய். அவசரமில்லாமல், டிரில் வகுப்பில் திரும்புவது போல. கைகளை உடம்போடு ஒட்டி விறைப்பாக நின்றாய்.

என் கால் திரும்பவில்லை. அந்த மாதக் கடைசியில் எனக்குப் பர்மனென்ட் ஆர்டர் வருவதாக இருந்தது. ஆனால் அந்த நிமிடத்தில் நான் அதை நினைத்தேன் என்று சொன்னால் பொய். எதையும் நினைக்கவில்லை. மேடையில் நின்ற மேனேஜர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன், அவ்வளவுதான். மற்ற ஐந்து பேரும் திரும்பவில்லை. நான் திரும்பியிருந்தால் அவர்கள் திரும்பியிருப்பார்களோ என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன்.

நீ பாடினாய். உனக்குச் சுருதி சேராது, ஊர்ப் பெயர்கள் வரிசையாக வருகிற இடத்தில் எப்போதும் ஒன்றை விட்டுவிட்டுப் போவாய். அன்றும் விட்டாய். ஆனால் கடைசி வரை பாடினாய். திரும்பி நின்ற நீ கொடியைப் பார்த்துப் பாடினாய். நாங்கள்தான் கொடிக்கு முதுகைக் காட்டி நின்றோம். இதை அந்த நேரத்தில் யாரும் யோசிக்கவில்லை. நானும்தான்.

இசை நின்றதும் உன்னை வெளியே அனுப்பினார்கள். ஆறு பேரோடு ஆடித் தோற்றோம்.

சாயங்காலத்துக்குள் வீடியோ எல்லோர் போனிலும் வந்துவிட்டது. சில நொடிதான். அதில் உன் முதுகு இருந்தது. கொடிக்கம்பம் இல்லை. உன் குரலும் இல்லை, அதன்மேல் ஏதோ வீர இசையைப் போட்டிருந்தார்கள். நாட்டை விட்டுப் போகச் சொல்லி, கும்மிடிப்பூண்டி எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள் எல்லாம் எழுதினார்கள். புதுவாயல் ஜங்ஷனில் உன் அம்மா பூ விற்கிற இடத்துக்கே வந்து கேட்டார்கள். அம்மா நான்கு நாள் கடை போடவில்லை. யாரோ போலீசில் மனு கொடுக்க, உன்மேல் வழக்கானது. வேலை போனது. மாவட்டத்தில் எந்த டீமிலும் உன்னைச் சேர்க்கக் கூடாது என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டார்கள். எழுத்தில் கேட்டபோது யாரும் பதில் போடவில்லை.

ஸ்டெல்லாவைப் பார்க்க நாம் இரண்டு பேரும் போனோம். அவள் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உன்னைப் பார்த்து அழுதாள். "நான் உன்ன கேட்டனாடி? இப்போ என் பேரு ஊரெல்லாம் சுத்துது. நாளைக்கு எந்தக் கம்பெனில என்ன எடுப்பான்?" நீ வாங்கிப் போன பிரெட்டை ஜன்னல் ஓரம் வைத்துவிட்டு வந்துவிட்டாய். பஸ்ஸில் வரும்போது, "அவ சொல்றதும் நாயம்தான். அவள ஒரு வார்த்த கேட்டிருக்கணும்" என்றாய். உன்மேல் உனக்கு இருந்த வருத்தம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்த வாரம் எச்.ஆர். அறையில் எங்கள் ஆறு பேருக்கும் தனித்தனியாக ஒரு கடிதம் கொடுத்தார்கள். கேப்டன் தன்னிச்சையாகச் செய்தார், எங்களுக்கு எதுவும் தெரியாது, அவர் தேசிய கீதத்தை அவமதித்ததைப் பார்த்து மனம் வருந்தினோம் என்று அதில் இருந்தது. முழுவதும் படித்தேன். கையெழுத்துப் போட்டேன். பர்மனென்ட் ஆர்டர் சொன்ன தேதிக்கு வந்தது. அதன் பிறகு உன் போனை எடுக்கவில்லை. இரண்டு தடவை கூப்பிட்டாய், பிறகு நீயும் விட்டுவிட்டாய்.

எனக்குக் கல்யாணமாகி வேப்பம்பட்டுக்கு வந்து, அங்கிருந்தே அதே கம்பெனிக்குப் போய்வந்து, மகளும் நடக்க ஆரம்பித்த பிறகுதான் சம்மன் வந்தது. அரசுத் தரப்புச் சாட்சியாக திருவள்ளூர் கோர்ட்டுக்கு வரச் சொல்லி. அந்தக் கடிதம்தான் என்னைக் கூப்பிட்டது.

எனக்குத் திருவள்ளூர் மின்சார ரயிலில் கொஞ்ச தூரம்தான். நீ புதுவாயலில் இருந்து பெரியபாளையம் வழியாக பஸ் மாறி வருவாய். முதல் நாள் கோர்ட் வாசலில் உன்னைப் பார்த்ததும் வந்த வழியே ஓடிவிடலாம் என்று தோன்றியது. நீ கையைத் தூக்கி அசைத்து இடம் காட்டினாய். "வா, உக்காரு. இன்னும் கூப்புடல. நாஷ்டா துன்னியா?"

அன்று வழக்கு தள்ளிப் போனது. அடுத்த முறையும் போனது. ஒரு முறை வக்கீல் இல்லை, ஒரு முறை மாஜிஸ்திரேட் லீவு, ஒரு முறை கோப்பு வரவில்லை. ஒவ்வொரு முறையும் மத்தியானம் வரை அந்தச் சிமென்ட் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். என் மகளைப் பற்றிக் கேட்டாய். நீ வேலை பார்க்கிற கோடவுனில் எலித் தொல்லை என்றாய். கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை.

"ஒரு தடவ திட்டிடேண்டி" என்றேன்.

"திட்னா பஸ்ஸு சீக்கிரம் வந்துடுமா? பேஜாரு பண்ணாத, டீ சொல்லு" என்றாய்.

கடைசியில் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறினேன். அரசு வக்கீல் அந்தக் கடிதத்தைக் காட்டி, இவர் தேசிய கீதத்துக்கு முதுகைக் காட்டியதை நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டார்.

"மேடைக்குத்தான் காட்டினாங்க" என்றேன். "கொடி எங்களுக்குப் பின்னாடி இருந்தது. இவங்க கொடியப் பாத்து நின்னாங்க. பாட்ட முழுசா பாடினாங்க. நான் பக்கத்துல நின்னேன், கேட்டேன்."

மாஜிஸ்திரேட் அம்மா கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "இந்தக் கையெழுத்து உங்களதா?"

"ஆமாங்கம்மா."

"படிச்சுப் பார்த்துத்தானே போட்டீங்க?"

"படிச்சேன். வேலை போயிடும்னு போட்டேன். நாங்க ஆறு பேருமே திரும்பறதா ஒத்துக்கிட்டோம். பயந்துட்டு நின்னுட்டோம்."

அவர் எழுதிக்கொண்டார். அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள். இத்தனை வருடம் நெஞ்சில் வைத்திருந்தது, சொல்லி முடிக்க டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. வெளியே வந்து நீ என் கையைப் பிடித்தாய். நன்றி என்று ஏதாவது சொல்லிவிடுவாயோ என்று பயந்தேன். நீ சொல்லவில்லை. "உன் வேலைக்கு எதுனா ஆவப் போவுது, பாத்துக்கோ" என்றாய்.

ஆகத்தான் செய்தது. என்னை லைன் மாற்றினார்கள், பிறகு வேறு ஷெட், பிறகு நானே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். வழக்கில் நீ விடுதலையானாய். அதை யாரும் வீடியோ போடவில்லை. திரும்ப ஆடலாமே என்று கேட்டபோது, "முட்டி போயிடுச்சுடி. இப்போ கூப்ட்டா வேடிக்க பாக்கத்தான் போவேன்" என்று சிரித்தாய்.

போன மழைக்கு உனக்குக் காய்ச்சல் என்றார்கள். அரசு ஆஸ்பத்திரியில் வந்து பார்த்தேன். உதடு காய்ந்திருந்தது. "லீவு போட்டுட்டு இன்னாத்துக்கு வந்த?" என்று கேட்டாய். இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நர்ஸ் சொன்னதை நானும் நம்பித் திரும்பி வந்தேன். இரண்டாம் நாள் உன் அம்மாதான் போன் செய்தார். அடக்கத்துக்கு ஸ்டெல்லா வந்திருந்தாள். எல்லாம் முடியும் வரை உன் அம்மாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் இப்போது திருவள்ளூர் பக்கம் ஒரு பேக்கிங் யூனிட்டில் இருக்கிறேன். போன மாதம் அங்கே மரப்பெட்டி அடுக்கு சரிந்து ஒருத்தியின் கால் முறிந்தது. அவள் கவனக்குறைவு என்று ஒரு தாள் வந்தது, சாட்சிக் கையெழுத்துக்கு. நான் போடவில்லை. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. சூப்பர்வைசர் அதட்டக்கூட இல்லை. "சரி, அடுத்த ஆள வரச் சொல்லுங்க" என்றார். அடுத்தவள் போட்டாள்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அவள் எல்லோரையும் விட்டுத் தள்ளி நின்றுகொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றதும், "எனக்கு வேற வழி தெரியலக்கா" என்றாள். தெரியும் என்றேன். பஸ் வந்தது. இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள், நான் எதுவும் கேட்கவில்லை. அவள் இறங்கும் இடம் வந்தபோது, "நாளைக்குப் பாக்கலாம்" என்று மட்டும் சொன்னேன்.

எல்லோரும் நேராக நிற்கும்போது தனியாகத் திரும்பி நிற்க உனக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அது இன்னும் வரவில்லை. இனி வரும் என்றும் தோன்றவில்லை. திரும்ப முடியாமல் நின்றுவிட்டவள் பக்கத்தில் போய் உட்கார மட்டும் வருகிறது. அதுவும் நீ செய்துதான் எனக்குத் தெரியும்.