இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

புத்தகத்தைப் பிரித்ததும் மடியில் ஒரு பட்டு இழை விழுந்தது. கிளிப்பச்சை. இத்தனை வருடம் இருட்டில் கிடந்ததாலோ என்னவோ, நிறம் கொஞ்சமும் போகவில்லை. உன் மகள் நேற்று ஆரணியிலிருந்து வந்திருந்தாள். "அம்மா பொட்டியில இருந்துச்சு. உங்களுக்குன்னு சொல்லி வெச்சிருந்தாங்க" என்று இந்தப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள். உன் பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்துவிட்டதாம்.

பச்சை இழை என்றால் தறியில் பச்சைப் புடவை. பிள்ளையார்பாளையத்தில் உன் வீட்டுக் கூடம் முழுக்கத் தறிதான். அப்பா, அண்ணன், நீ என்று ஆளுக்கொரு பக்கம். ரகசியம் பேச ஒரு சாண் இடம் கிடையாது. நான் முசரவாக்கத்திலிருந்து டைப்ரைட்டிங் வகுப்புக்கு வருகிறவள். எதிரே இருந்த வாடகைப் புத்தகக் கடையில் ஒரு நாவல் எடுத்து உன்னிடம் தருவேன். நீ முதலில் படித்து, ஓரத்தில் பென்சிலால் எழுதி, அந்தப் பக்கத்தில் ஓர் இழை வைப்பாய். பிறகு நான் படித்துப் பதில் எழுதுவேன். கடைக்குத் திரும்புமுன் ரப்பர் போட்டு அழிப்பது உன் வேலை. இழையைத் தேடிப் புரட்டக் கூடாது, வரிசையாகப் படித்துத்தான் வரவேண்டும் என்பது உன் சட்டம்.

"மழை. தெருவுல பாவு நூல விரிக்க முடியல. இந்தக் கதாநாயகி அழுதே ஏரியை ரொப்பிடுவா போலிருக்குது" என்று எழுதியிருப்பாய். பஸ்ஸில் அந்த இடத்தைப் படித்துக்கொண்டே நிறுத்தத்தைக் கோட்டைவிட்டதை நான் கீழே எழுதுவேன். இப்போது கண்ணை மூடினால் எது கதை, எது உன் வீட்டுச் செய்தி என்று பிரிக்கத் தெரியவில்லை. எல்லாக் கதையிலும் எங்கோ ஒரு தறி ஓடிக்கொண்டிருக்கிறது, எல்லாக் கதாநாயகிக்கும் உன் குரல்.

பாதியில் மூடுகிறவளை உனக்குப் பிடிக்காது. "பந்தியில பாதியில எழுந்து போறவ" என்பாய். அந்தப் பேருக்குப் பயந்துதான் பொய் சொன்னேன்.

இந்தப் புத்தகம் மகா அறுவை. பரீட்சை வேறு நெருங்கியிருந்தது. தொண்ணூறாம் பக்கத்தோடு நிறுத்திக் கொண்டுவந்து கொடுத்தேன். உன் சட்டத்தை மதித்து மேலே புரட்டவும் இல்லை. உன் அம்மா பக்கத்தில் ராட்டையில் பட்டு இழைத்துக்கொண்டிருந்தார். நீ தறியிலிருந்து தலை நிமிராமல் கேட்டாய்.

"முழுசா படிச்சியா?"

"படிச்சேன்."

"என்னா சொல்ற?"

"முடிவு நல்லாத்தான் இருக்குது. அப்படித்தான் முடியணும்."

தறியில் இங்குமங்கும் ஓடிக்கொண்டிருந்த நாடா நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓடியது. "நீ சொன்னா சரிதான்" என்றாய்.

அடுத்த மாதமே உனக்குக் கல்யாணம். பெண் பார்க்க வந்ததைக்கூட மறைத்துவிட்டாயே கள்ளி என்று மணவறையிலேயே உன்னைச் சீண்டினேன். நீ சிரித்தாய். புத்தகம் தொலைந்துவிட்டது என்று நீ சொன்னதை நம்பி, கடைக்காரரிடம் உனக்காகச் சண்டையும் போட்டேன்.

உன் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. அதிகம் பேசாதவர், அவ்வளவுதான். அந்த வீட்டுக்குள் புத்தகம் நுழையவில்லை. நீ ஊருக்கு வரும்போதெல்லாம் நான் ஒரு நாவலை நீட்டுவேன். "கண்ணு தெரியலமா" என்பாய், இருபத்தைந்து வயதில். நானும் அதை நம்பினேன்.

இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் ஓரத்தில் உன் கையெழுத்து அழியாமல் இருக்கிறது.

"ஞாயித்துக்கெழமை ஆரணியில இருந்து பொண்ணு பாக்க வர்றாங்க. எனக்கு இஷ்டமில்ல. நீ பக்கத்துல இருந்தா தைரியமா வேணாம்னு சொல்லிடுவேன். என்னா சொல்ற?"

நான் படிக்கவில்லை என்பது உனக்கு எப்போது தெரிந்தது? கீழே பதில் இல்லாததைப் பார்த்து அன்றைக்கே தெரிந்திருக்குமா? உன்மேல் கோபமும் வருகிறது. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். ஆயுசு முழுக்கப் பெட்டிக்குள் வைத்திருந்து, நீ போன பிறகா கொடுத்தனுப்புவது?

காலையிலிருந்து உட்கார்ந்து, தொண்ணூற்றோராம் பக்கத்தில் தொடங்கி மீதியைப் படித்து முடித்தேன். இப்போதும் அறுவைதான். வீட்டில் பார்த்தவனுக்கே வாய் திறக்காமல் கழுத்தை நீட்டிவிடுகிறாள் கதாநாயகி. முடிவு நன்றாகவே இல்லை.

பென்சில் எடுத்து உன் வரிக்குக் கீழே எழுதிவிட்டேன்: "வேணாம்னு சொல்லு. ஞாயித்துக்கெழமை நான் வந்துடறேன்." பச்சை இழையை அந்தப் பக்கத்திலேயே திரும்ப வைத்திருக்கிறேன். இதை அழிக்க நீ இல்லை.