திங்கட்கிழமை மாத்திரைகள்

பிப்ரவரி 11, 1963. திங்கள்.

காலையில் பனி, மலை பாதிதான் தெரிந்தது. ஜவுளிக்கடைக்குக் கிளம்பும் நேரம், ஆஸ்பத்திரி விசிட்டரம்மா. மாதம் ஒரு தடவை வந்து என் மனைவி பார்வதியின் டி.பி. மாத்திரைகளை எண்ணிப் பார்ப்பார். எண்ணினார். ஆறு நாள் மாத்திரை மிச்சம்.

"இன்னைக்குப் போட்டீங்களாம்மா?"

"இன்னைக்கு சோமவாரம்ங்க, விரதம். வெறும் வயித்துல போட்டா எரியுது."

திங்கட்கிழமை நாலு, பௌர்ணமி ஒன்று, கிருத்திகை ஒன்று. ஆறு சரிதான். எட்டாவது வகுப்பை இரண்டு தடவை படித்தவனுக்கு இதுகூடத் தெரியாதா?

வி. அம்மா சத்தம் போடவில்லை. அடுத்த மாதப் பரிசோதனையிலும் சளியில் கிருமி இருந்தால் சானடோரியம்தான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஒரு வருஷம் ஆகலாம். மகள் கமலா போளூரில் மாமா வீட்டுக்கு. நான் எங்கே என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"நாளைக்கு சாயங்காலம் மூணு பேரும் வீட்ல இருங்க."

வியாதி ஒருத்திக்கு. மூன்று பேர் எதற்கு?

பிப். 12. செவ்வாய்.

கடையில் பாதி நாள் லீவு. பார்வதிக்கு மட்டும் திட்டு விழும் என்று நினைத்தேன். வி. அம்மா பாய் போடச் சொல்லி, எங்களை வட்டமாக உட்கார வைத்து ஒவ்வொருவராகக் கேட்டார். தண்ணீர் பிடிப்பது யார்? கமலா. சமையல்? கமலா. பதினொரு வயசு, ஆறு மாதமாகப் பள்ளிக்கூடம் இல்லை.

"அப்பா என்னா பண்றாரு?"

"பேப்பர் படிப்பாரு," என்றாள் கமலா. சுத்தமான சாட்சி.

"விரதம் யார் வேண்டிக்கிட்டது?"

பார்வதி என்னைப் பார்த்தாள். "நான்தாங்க," என்றேன். "இவளுக்குக் குணமாகணும்னு, ரெண்டு பேரும் இருக்கறதா."

"நீங்க இருக்கறீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கமலா: "திங்கக்கெழமை அப்பா சட்டையில சாம்பார் வாசனை வரும்."

"எனக்குத் தெரியும்," என்றாள் பார்வதி. கோபமே இல்லாமல். திட்டியிருக்கலாம்.

வி. அம்மா விரதத்தை விடச் சொல்லவில்லை. "வேண்டுதல் உங்களுது. நீங்களே இருந்துடுங்க. அவங்க சாப்ட்டுட்டு மாத்திரை போடட்டும்." பார்வதிக்குத் திருப்தி இல்லை. சாமி குத்தம் ஆகாதா?

பிப். 13. புதன்.

வேட்டி எடுக்க வந்த குருக்களிடம் கேட்டேன்.

"நேர்ந்துண்டது யாரு ஓய்?"

"நான்தான், சாமி."

"அப்போ நீர் பட்டினி கிடக்கறதுதானே? நோயாளியை ஏன் போட்டு வாட்டறீர்?"

ஆஸ்பத்திரியும் கோயிலும் ஒரே தீர்ப்பு. மேல்முறையீடு இல்லை. பார்வதியும் ஒத்துக்கொண்டாள், ஒரு நிபந்தனையோடு: "நீங்க தவறுனா அன்னைக்கு நான் இருப்பேன்."

பிப். 15. வெள்ளி.

எனக்கும் கமலாவுக்கும் ஆஸ்பத்திரியில் மார்பு எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒன்றும் இல்லை. கமலா ஒரு தாளில் கோடு போட்டுச் சுவரில் ஒட்டினாள். அம்மா மாத்திரை, அப்பா விரதம்.

பிப். 18. திங்கள்.

முதல் நாள். காலை வெந்நீர். மதியம் தண்ணீர். மூன்று மீட்டர் கேட்ட அம்மாளுக்கு நாலு கிழித்தேன். முதலாளி ஒரு பார்வை. பக்கத்து ஓட்டல் சர்வர் வாசலிலிருந்து, "இன்னா சார், திங்கக்கெழமையும் அதுவுமா ஆளையே காணோம்!"

பிப். 25. திங்கள்.

ஒரே ஒரு வடை. நாலு மணிக்கு. சொல்லாமல் இருந்திருக்கலாம். கமலா பக்கத்தில் வந்து மூச்சை இழுத்தாள். என் கட்டத்தில் பெருக்கல் குறி.

பார்வதி சாயங்கால மாத்திரையை எடுத்து டப்பாவில் திரும்பப் போட்டு மூடினாள். தட்டையும் தள்ளி வைத்தாள்.

ஒரு வடை. அதற்கு ஒரு வேளை மருந்து. போளூர் பஸ் கண் முன்னால் வந்தது. நாளை முழுக்கப் பட்டினி இருக்கிறேன், இப்போது போட்டுக்கொள் என்றேன். அரை மணி கெஞ்சினேன். போட்டுக்கொண்டாள்.

பிப். 26. செவ்வாய்.

இருந்தேன்.

மார்ச் 11. திங்கள்.

சளியில் கிருமி இல்லை. வி. அம்மாவே வந்து சொன்னார். சானடோரியம் இப்போதைக்கு இல்லை. மாத்திரை மட்டும் இன்னும் ஒரு வருஷத்துக்குக் கம்மியில்லை. விரதமும் அப்படியே என்றாள் பார்வதி.

வி. அம்மா சுவர்த் தாளைப் பார்த்தார். "கமலாவுக்கு எங்க கட்டம்?"

இனிமேல் நானே தண்ணீர் பிடிக்கிறேன் என்றேன். சாதம் வடிக்கவும் கற்றுக்கொள்கிறேன் என்று வாயில் வந்துவிட்டது.

மார்ச் 14. வியாழன்.

தெருக்குழாயில் நான் ஒருவன்தான் ஆம்பளை. "குடத்தைத் தோள்ல வைங்க, புது மாப்ள மாதிரி கட்டிப்பிடிக்காதீங்க!" சாதம் குழைந்தது. மருந்துக்கு இது நல்லது என்று சொல்லிப் பார்த்தேன்.

மார்ச் 18. திங்கள்.

வெயில் ஜாஸ்தி. டீச்சர் கமலாவைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார். பார்வதி தலை பின்னிவிட, ஒன்பதுக்குக் கமலா பள்ளிக்கூடம் போனாள். புதுத் தாள், மூன்று கட்டம். பார்வதி சாப்பிட்டு என் எதிரில் மாத்திரை போட்டாள், குறி வைத்தேன். கமலா கட்டத்திலும் நானே வைத்தேன். பென்சில் கையிலேயே இருந்தது.

வாசல் வரை போனவள் திரும்பி வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்: "உங்க கட்டத்த தொடாதீங்கப்பா. சாயங்காலம் மோந்து பாத்துட்டு நான் போடறேன்."