அஞ்சலையின் பூர்ஸுக்கு உன் கையெழுத்து

புதுச்சேரி, வைத்திக்குப்பம்
விளம்பி வருஷம் பங்குனி 27, 1959

சைகோனில் இருக்கும் என் மகன் குமாரவேலுக்கு உன் அம்மா தலைதொட்டு ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே நானும் உன் தங்கை அஞ்சலையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நலம் என்று எழுத இன்னும் கை வரவில்லை, அப்பா போய் ஆறு மாதம்தானே ஆகிறது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நோய்நொடி இல்லாமல் இருக்க அங்காளம்மனை வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

உன் கடிதம் மாசிக் கடைசியில் வந்தது. எப்போதும் அஞ்சலைதான் படித்துச் சொல்வாள். இந்தத் தடவை அவள் பெயர் நாலு இடத்தில் இருந்ததைப் பார்த்துவிட்டு அவளிடம் கொடுக்காமல் நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன், என் மூன்றாம் வகுப்புப் படிப்புக்கு ஒரு பகல் முழுக்க ஆயிற்று. இதையும் அவளுக்குத் தெரியாமல் நானேதான் எழுதுகிறேன். பரீட்சை முடிந்ததும் அவளை நிறுத்து, அரசாங்கத்திடம் போய் ஏழை என்று கையேந்தாதே, அண்ணன் சைகோனில் இருக்கும்போது தங்கைக்குப் பிச்சைப் படிப்பா, அப்பா பெயர் கெட்டுப்போகும் என்று எழுதியிருக்கிறாய். படித்துவிட்டேன். இப்போது நான் எழுதுவதை நீ படி. உன் கடிதம் வருவதற்கு முன்பே, தை மாதமே விண்ணப்பம் போட்டாயிற்று. முன்னால் வந்திருந்தாலும் போட்டிருப்பேன். அப்பா பெயர் என்கிறாயே, அவளைப் படிக்க வை என்று சொல்லிவிட்டுத்தான் அவர் கண்ணை மூடினார் என்று நான் கதை கட்ட மாட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. துறைமுகப் பாலத்தில் கப்பல் மூட்டை இறக்கி இறக்கி நெஞ்சு அடைத்துப்போய் ஆஸ்பத்திரியில் கிடந்த ஒன்பது நாளும் தண்ணீர் கேட்டார், உன்னைக் கேட்டார், வேறு ஒன்றும் கேட்கவில்லை. அவள் படிக்க வேண்டும் என்று சொல்வது நான். அதற்கு எனக்குச் செத்தவர் சாட்சி வேண்டாம்.

விஷயம் என்னவென்று உனக்குத் தெரியாது, அதனால் முதலில் இருந்து சொல்கிறேன். அவள் பள்ளிக்கூடத்துப் பெரிய மதர் மார்கழியில் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நான் மீன் கூடையோடு அப்படியே போய் வாசலில் நின்றேன். கணக்கிலும் இங்கிலீஷிலும் இவள்தான் முதல், சென்னைப் பட்டணத்தில் பெண்கள் காலேஜில் இடம் கிடைக்கும், ஆஸ்டலுக்கும் சேர்த்து அரசாங்கமே கொடுக்கிற உபகாரச் சம்பளம் இருக்கிறது, இந்த வருஷமே கேட்க வேண்டும் என்றார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் பூர்ஸ் என்று சொன்னோமே அதுதான். அது கிடைத்தால் போவாள், கிடைக்காவிட்டால் என்னோடு மார்க்கெட்டில் உட்கார வேண்டியதுதான். நாலு பக்கக் காகிதம், முழுக்க இங்கிலீஷ், அஞ்சலையே நிரப்பினாள். கார்டியன் என்ற இடத்தில் ஆம்பளை பேர் போடுங்கம்மா என்று ஆபீசில் இருந்த குமாஸ்தா சொன்னார். ஆம்பளை செத்ததனாலதானே ஐயா வந்திருக்கேன் என்று சொல்லி என் பெயரைப் போடச் சொன்னேன். உன் சித்தப்பா பஞ்சநாதனுக்கு அதில் கோபம். அண்ணனுக்குக் கொள்ளி வெச்சவன் நானு, என்ன ஒரு வார்த்த கேக்காம எப்படிப் போடலாம் என்று வாசலில் நின்று கத்தினார், அரியாங்குப்பத்தில் ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருக்கிறாராம். நீ வர முடியாதபோது அவர் கொள்ளி வைத்ததற்கு நான் சாகும்வரை கைகூப்புவேன். ஆனால் அது உங்க அண்ணனுக்கு வெச்ச கொள்ளி, என் பொண்ணு படிப்புக்கு வெச்சது இல்ல என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து பேச்சு இல்லை.

விண்ணப்பம் போட்டால், நாம் சொல்வது நிஜம்தானா என்று ஆபீசில் இருந்து ஆள் வந்து வீட்டைப் பார்ப்பார்களாம். மாசி பிறந்ததும் இன்ன தேதிக்கு வருகிறோம் என்று கார்டு வந்தது. இங்கேதான் நான் புத்தி கெட்டுப்போனேன் தம்பி, மறைக்காமல் எழுதுகிறேன். நம் தெருவில் யார் வந்து வீட்டைப் பார்த்தாலும் நாம் என்ன செய்வோம் என்று உனக்குத் தெரியும். பெண் பார்க்க வந்தாலும் சரி, சம்பந்தி வந்தாலும் சரி, ஒரு வீட்டுக்கு ஆள் வந்தால் தெருவே சாமானைக் கொண்டுவந்து இறக்கும். வருவது அரசாங்கத்து ஆள், ஏழை வீடா என்று பார்க்க வருகிறார் என்று எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இருந்தாலும் கை சும்மா இருக்கவில்லை. எதிர்வீட்டு அந்தோணிமேரி அவள் வீட்டுச் சாய்வு நாற்காலியையும் சுவர்க் கடிகாரத்தையும் கொண்டுவந்தாள். பச்சையம்மாள் அவள் சங்கிலியைக் கழற்றி அஞ்சலை கழுத்தில் போட்டாள், பூப்போட்ட பீங்கான் கோப்பையும் கொடுத்தாள். வேண்டாம்மா என்று அஞ்சலை சொன்னாள். கவர்மெண்டு ஆளு வரும்போது கழுத்து காலியா இருந்தா நல்லாவா இருக்கு, சும்மா இருடி என்று பச்சையம்மாள் அதட்டினாள். நானும் விடவில்லை, அன்றைக்கு விற்க வைத்திருந்த வஞ்சிரத்தில் நடுத்துண்டமாக நாலு எடுத்து வறுத்து, குழம்பும் வைத்தேன். வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டார், மறுசோறும் வாங்கினார். கடிகாரத்தைப் பார்த்தார், அவள் கழுத்தைப் பார்த்தார், ஏதோ எழுதிக்கொண்டு கை கழுவிப் போனார். பதினைந்து நாளில் கடிதம் வந்தது. குடும்பம் வசதியாக இருக்கிறது, மகன் வெளிநாட்டில் இருக்கிறான், உதவி தேவையில்லை என்று. அஞ்சலை அதைப் படித்துவிட்டு, அம்மா, நீ வறுத்த மீனு நல்லா வேலை செஞ்சிருக்கு என்றாள். சிரித்தாள். பிறகு பின்பக்கம் போய்க் குடத்தைத் தேய் தேய் என்று தேய்த்துக்கொண்டிருந்தாள், வெளியே வரவே இல்லை.

அம்மனே கதவ சாத்திட்டா, வுடுங்க என்று ஆள் ஆளுக்குச் சொன்னார்கள். உன் கடிதமும் அந்த வாரம்தான் வந்தது. நான் விடவில்லை. சாத்தியது அம்மன் இல்லை, நான் வறுத்த மீன், நான்தானே திறக்க வேண்டும். அந்தோணிமேரி வீட்டுக்குப் போய், அந்த நாற்காலி உன்னுதுன்னு நீயே ஆபீசுல வந்து சொல்லணும் என்றேன். வாய்ல சொன்னா நம்புவானுங்களா பூவாயக்கா, தூக்கிக்கினு போலாம் வா என்றாள். அப்படியே போனோம். அவளும் நானும் நாற்காலியின் இரண்டு பக்கம், அவள் மகள் கையில் கடிகாரம், பச்சையம்மாள் கழுத்தில் சங்கிலி, முந்தானையில் கோப்பை. வெயிலில் கடற்கரைத் தெருவோடு நடந்தோம். என்ன பூவாயி, சீர்வரிசையா, மாப்ள யாரு என்று ஒருவன் கேட்டான். கலெக்டரு என்று பச்சையம்மாள் சொன்னாள். தெருவே சிரித்தது. துக்கக்காரி ஆறு மாசம் முடியறதுக்குள்ள ஊர்வலம் போறா பாரு என்றும் யாரோ சொன்னார்கள், காதில் விழுந்தது, திரும்பிப் பார்க்கவில்லை.

ஆபீசில் சேவகர் தடுத்தார். பெரிய அதிகாரியே சத்தம் கேட்டு வெளியே வந்தார். சாமான்களை அவர் முன்னால் வைத்து, உடையவள் ஒவ்வொருத்தியும் இது என்னுது என்று சொன்னாள். எங்கள் வீட்டில் சாப்பிட்டவர் ஃபைலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். அப்படி ஏன்மா இரவல் வாங்கி வெச்சீங்க என்று அதிகாரி கேட்டார். உங்க வூட்டுக்கு ஒருத்தரு வந்தா கிழிஞ்ச பாயையா ஐயா போடுவீங்க, ஏழையா இருக்கணும்னு காகிதத்துல போட்டிருக்கு, ஏழையா காட்டணும்னு போடலயே என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் முடிந்துபோன ஃபைலைத் திறக்க முடியாது என்றார். நான் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டேன். நாலு மணி வரை உட்கார்ந்திருந்தேன். மறுபடி ஆள் அனுப்புகிறோம், தேதி சொல்ல மாட்டோம் என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்த பிறகுதான் எழுந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை வேறு ஒருவர், வயதானவர், திடீரென்று வந்தார். கூரையில் ஓலை போன இடம், கவிழ்த்த கூடைமேல் அவள் புத்தகம், எல்லாம் இருந்தது இருந்தபடி பார்த்தார். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார், நாலு பேர் என்றேன். இங்க சாப்பிடறவங்கள மட்டும் சொல்லும்மா என்றார். இரண்டு என்றேன். அப்பாவையும் உன்னையும் கழித்துத்தான் அதைச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் வியர்த்துப்போய் நின்றார், நான் ஒரு சொம்பு தண்ணீர் கூடக் கொடுக்கவில்லை. கொடுத்தால் மறுபடி வசதி என்று எழுதிவிடுவாரோ என்று பயம். நாற்காலி தூக்கியது எனக்குப் பெரிதில்லை, வந்தவரை வாய் நனைக்காமல் அனுப்பியதுதான் இன்னும் அறுக்கிறது.

எல்லாம் பார்த்துவிட்டு அவர் கடைசியாகக் கேட்டது உன்னைத்தான். மகன் சைகோனில் சம்பாதிக்கிறாராமே, பணம் அனுப்புகிறாரா என்றார். நாற்காலி என்னுடையது இல்லை என்று ஊரறியச் சொன்ன வாய், அவனையே கேட்டுக்கோங்க ஐயா என்று மழுப்பியது. அவர் ஒரு காகிதம் கொடுத்தார், இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். நீ என்ன வேலை செய்கிறாய், வீட்டுக்கு என்ன அனுப்புகிறாய் என்று நீயே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வைகாசி பதினைந்துக்குள் அது ஆபீசுக்கு வந்தால்தான் பூர்ஸ்.

குமாரவேலு, எனக்குத் தெரியும். மார்கழியில் அங்கிருந்து ஊருக்கு வந்த சாமிக்கண்ணு மாமா சொல்லிவிட்டார். நீ வேலை பார்த்த துணிக்கடையை மூடி ஒரு வருஷம் ஆகிறது, நீ ஒரு கிடங்கில் காவல் இருக்கிறாய், ஒரு வேளைதான் சாப்பிடுகிறாய் என்று. எனக்குத் தெரியும் என்பது உனக்குத் தெரியக்கூடாது என்று நானும் கேட்கவில்லை. மகன் அனுப்புகிறான் என்றுதான் தெருவில் சொல்லிவருகிறேன், சித்தப்பாவிடமும் அதையே சொன்னேன். உனக்கு வெட்கம் அப்பா பெயரால் இல்லை, இவள் கேட்கப் போனால் உன் நிலைமை வெளியே வந்துவிடும் என்பதுதான் என்று உன் கடிதத்தை இரண்டாம் தடவை படித்தபோது புரிந்தது. எனக்கு அதில் கோபம் இல்லை. வேலை போனது உன் குற்றமா. ஆனால் உன் வெட்கத்தை மூடி வைக்க என் பெண்ணின் படிப்பைப் போர்வையாகப் போட மாட்டேன், அதற்கு நீ மகனே ஆனாலும் சரி. உண்மையை எழுது. காகிதம் வராவிட்டால் பதினைந்தாம் தேதி காலையில் நானே போய், என் மகன் ஒன்றும் அனுப்புவதில்லை என்று அந்த அதிகாரி முன்னால் சொல்வேன், சாமிக்கண்ணு மாமாவைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு போவேன். நீயே எழுதினால் அது உன் கையால் தங்கைக்குச் செய்ததாக இருக்கும். அவளுக்கு இதெல்லாம் தெரியாது. நீ எழுதியபிறகு நீயே அவளுக்குச் சொல்லிக்கொள்.

அங்கே பிழைக்க முடியாவிட்டால் அடுத்த கப்பலில் திரும்பி வா. வெறுங்கையோடு வந்தான் என்று எவனாவது சொன்னால் என்னிடம் அனுப்பு. உன் சோற்றுக்கு என் கூடை போதும்.

சித்திரை பிறக்கப் போகிறது, துக்க வீடு, நமக்குப் பண்டிகை இல்லை. நீ அங்கே அன்றைக்காவது இரண்டு வேளை சாப்பிடு. உனக்கு ஆயுசும் பலமும் பெருகட்டும், அங்காளம்மன் துணை இருப்பாள். காகிதத்தில் வேலை என்ற இடத்தில் காவல்காரன் என்று எழுது. அனுப்புவது என்ற இடத்தில் ஒன்றும் இல்லை என்று எழுது. அதன் கீழே காசிலிங்கம் மகன் குமாரவேல் என்று உன் பெயரை முழுசாக, பெரிய எழுத்தில் போடு.

இப்படிக்கு,
உன் அம்மா
கா. பூவாயி