இறுகாத கண்ணி

2025 ஜனவரி 6, திங்கட்கிழமை, பி.ப. 5.40. மண்டூர்.
குறிப்பு 1: கயிற்றுப் பயிற்சி

காலை முதல் மழை. வாவி நீர் துறையின் மேற்படியில்.

வெள்ள மீட்புக் குழுவுக்குப் பிரதேச செயலகம் (இனி பி.செ.) தந்த நைலோன் கயிறு, ஒரு சுருள். முனைகளை மெழுகுதிரியில் உருக்கி அடைத்தேன். பயிற்சிக்கு அழைப்பு ஒன்பது பேருக்கு, வந்தவர் ஐவர்.

ஆளைத் தூக்கும் கண்ணி: கயிற்றில் சிறு வளையம். நுனி கீழிருந்து வளையத்துள் ஏறி, நீள்கயிற்றின் பின்னால் சுற்றி, வந்த வழியே இறங்க வேண்டும். எவ்வளவு இழுத்தாலும் கண்ணி சிறுக்காது. நுனியில் ஒரு சாண் மிச்சம், நைலோன் வழுக்கும்.

குழுத் தலைவர் யோகன் எருமைப் பட்டி வைத்திருப்பவர், தோணியும் அவருடையதே. கண்ணி என்றால் அவர் கை கன்று பிடிக்கும் சுருக்கைத்தான் கட்டுகிறது. இழுக்க இழுக்க இறுகும்.

"சுருக்கெண்டாத்தானே ஐயா நிக்கும்?"

"மனிசன் மூச்சு விடவேணும், யோகன்."

"எங்கட கண்டும் மூச்சு விடுதுதானே!"

எல்லோரும் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. நாலாம் முறை சரியாகக் கட்டினார்.

தீர்மானம்: கட்டுவது தலைவர். ஆளைத் தூக்குமுன் முடிச்சைத் தொட்டுப் பார்ப்பது செயலாளர், அதாவது நான்.

ஜனவரி 8, புதன், பி.ப. 4.15
குறிப்பு 2: அக்கா

கடுங்காற்று. வயல் வட்டை ஓரத்தில் என் அக்காவின் வீடு. உள்ளே முழங்காலளவு நீர். யோகன் தோணியில் ஏற்றி வந்தார். வாய்க்கால் கட்டு செங்குத்து, சேறு வேறு. அக்காவுக்கு எழுபத்தெட்டு வயது. அக்குளின் கீழ் கண்ணி போட்டு மேலிருந்து நாங்கள் இழுப்பதாக ஏற்பாடு.

"என்ன மனே, என்னப் பட்டிக்கா கொண்டு போறாய்?"

"கெதியா ஏறுங்க பெரியம்மா, தண்ணி வருது."

பாதியில் கால் சறுக்கியது. முழுப் பாரமும் கயிற்றில். அக்காவின் குரல் நின்றது. யோகன் அவசரத்தில் சுருக்கைப் போட்டிருந்தார். தோணியிலிருந்து பாய்ந்து, தோள் கொடுத்துத் தூக்கினார். கயிறு தளர்ந்தது. மூச்சு வந்தது.

முடிச்சைத் தொட்டுப் பார்க்க வேண்டிய நேரத்தில் நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.

வைத்தியசாலை. விலா எலும்பில் வெடிப்பு ஒன்று. பயமில்லை என்றார் டொக்டர். குடை தொலைந்தது.

ஜனவரி 9, வியாழன், மு.ப. 10.05
குறிப்பு 3: பி.செ.க்குக் கடிதம்

இளவெயில். யோகன் வந்தார், உள்ளே வரவில்லை. கயிற்றுச் சுருளைப் படியில் வைத்தார்.

"இனி வேற ஆளப் பாருங்க ஐயா. என்ட கைக்கு மாடுதான் தெரியும்."

தேநீரும் வேண்டாமாம். இந்த நீரோட்டத்தில் தோணி விட ஊரில் வேறு ஆளில்லை. மீண்டும் மழை என்கிறது வானொலி.

வைத்தியசாலைக்குப் போய் அக்காவிடம் சொன்னேன்.

"அவன் பாய்ஞ்சபடியாத்தான் நான் இஞ்ச உசிரோட கிடக்கன். நீ என்ன செய்தாய், தம்பி?"

குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன் என்றேன்.

"அப்ப எழுது."

கடிதத்தின் சாரம்: அவசரத்தில் கை தனக்குப் பழகியதையே கட்டும். ஆகவே கண்ணிகளை முன்கூட்டியே கட்டித் தோணியில் வைக்க வேண்டும். கயிறு இன்னும் இரு சுருள் தேவை. சரிபார்க்கத் தவறியவர் செயலாளர்.

இணைப்பு:
(அ) இறுகாத கண்ணி, ஒரு முழக் கயிற்றில், கட்டியபடியே.
(ஆ) வைத்தியசாலைச் சீட்டின் பிரதி.
(இ) யோகனே தலைவராகத் தொடர வேண்டுமென அக்கா சொல்ல நான் எழுதியது, ஒப்பம் அக்காவுடையது. "இல்லாட்டி அடுத்த வெள்ளத்துக்கு நான் கூரையிலதான் இருப்பன்" என்ற வரியை நீக்கக் கேட்டேன். விடவில்லை.